செருகும் முன் திருப்பிப் பாருங்கள்: வெளிநாட்டு எலக்ட்ரானிக்ஸ் வாங்குவோருக்கு ஒரு சேலத்து மெக்கானிக்கின் வழிகாட்டி

மே மாத விடுமுறை முடிந்து வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் விமானம் ஏறியதும், அஸ்தம்பட்டியில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு அட்டைப் பெட்டிகள் வர ஆரம்பிக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த காபி மெஷின், ஜப்பான் ரைஸ் குக்கர், துபாயில் வாங்கிய போன். "ஒரே ஒரு தடவைதாங்கண்ணா போட்டோம். டப்புன்னு சத்தம், அப்புறம் உயிரே இல்லீங்க" என்பார்கள். அவற்றில் பலவற்றை என்னால் காப்பாற்ற முடிவதில்லை. காசு போனதுகூட ஒரு பக்கம். கடல் தாண்டி ஆசையாகச் சுமந்து வந்தவரிடம் "இது இனி ஆகாது" என்று வீட்டுக்காரர் போனில் சொல்ல வேண்டியிருக்கிறதே, அப்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியாது.

இத்தனைக்கும் அந்தப் பொருள் எந்த ஊர் கரண்ட்டில் ஓடும் என்பது அதன் பின்பக்கத்திலேயே அச்சிட்டு ஒட்டியிருக்கிறது. படிக்கத் தெரிந்தால் போதும். முதல் முறை வெளிநாடு போகிறவர்கள், அங்கிருந்து வாங்கி வருகிறவர்கள், "வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வாப்பா" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் எல்லோரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: ஸ்டிக்கரைப் படிப்பது

பொருளையோ அதன் சார்ஜரையோ கவிழ்த்துப் பாருங்கள். எழுத்து பொடிப்பொடியாக இருக்கும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் தெளிவாகத் தெரியும். 'இன்புட்' என்ற வரியைத் தேடுங்கள். பக்கத்திலேயே 'அவுட்புட்' என்று 5 வோல்ட், 9 வோல்ட், 20 வோல்ட் என்றெல்லாம் இருக்கும். அது சார்ஜரிலிருந்து போனுக்கோ லேப்டாப்புக்கோ போகிற கரண்ட். சுவரிலிருந்து எதைத் தாங்கும் என்பதைச் சொல்வது இன்புட் வரிதான்.

அந்த வரியில் '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் கவலையே வேண்டாம். (ஹெர்ட்ஸ் என்பது கரண்ட் ஒரு நொடியில் எத்தனை தடவை துடிக்கிறது என்ற கணக்கு.) டோக்கியோவிலும் சேலத்திலும் டெக்சாஸிலும் அது ஓடும். பிளக்கின் வடிவத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். இன்றைய போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர், கேமரா பேட்டரி சார்ஜர் பெரும்பாலும் இந்த வகைதான்.

'120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்' என்று ஒற்றை எண் மட்டும் இருந்தால் அது அமெரிக்கா, கனடாவுக்கு என்றே செய்த பொருள். '100 வோல்ட்' என்று இருந்தால் ஜப்பான். இந்த இரண்டையும் நம் 230 வோல்ட் சாக்கெட்டில் நேராகச் செருகக் கூடாது. '220-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்' என்றால் நம் வீட்டுக்குப் பொருந்தும்.

கையில் எடுத்ததும் கல் மாதிரி கனக்கிற பழைய கறுப்பு அடாப்டர்கள் உண்டு. உள்ளே இரும்புத் தகடும் செம்புக் கம்பியும் சுற்றிய டிரான்ஸ்பார்மர் இருக்கும். அவை பெரும்பாலும் ஒரே வோல்டேஜுக்குத்தான். பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் என்றால் பின்பக்கம் ஃபேனுக்குப் பக்கத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்ததில் அது 115-இல் நிற்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையால் 230-க்குத் தள்ளிவிட்டுத்தான் பிளக்கைத் தொட வேண்டும். சில ஹேர் டிரையர்களிலும் கைப்பிடியில் இப்படி ஒரு திருப்பி உண்டு.

எந்த நாட்டில் என்ன கரண்ட்

நம் ஆட்கள் அதிகம் போகிற நாடுகளை மட்டும் சொல்கிறேன். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, துபாய், குவைத், கத்தார், ஓமன், இங்கிலாந்து, ஜெர்மனி, ஆஸ்திரேலியா எல்லாம் நம்மைப் போலவே 220 முதல் 240 வோல்ட்டுக்குள், 50 ஹெர்ட்ஸ். அங்கே வாங்கியது இங்கே ஓடும், இங்கே வாங்கியது அங்கே ஓடும். பிளக்தான் வேறு. அமெரிக்கா, கனடா 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பான் 100 வோல்ட், அதிலும் டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ். தென்கொரியா 220 வோல்ட், ஆனால் 60 ஹெர்ட்ஸ். சவுதியிலும் இப்போது 230 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அங்கே பழைய கட்டடங்களில் 127 வோல்ட் சாக்கெட்டுகள் இருந்தன. போய் இறங்கியதும் கேம்ப் எலக்ட்ரீஷியனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹெர்ட்ஸ் மாறினால் என்ன ஆகும்? சார்ஜருக்கு ஒன்றும் ஆகாது. மோட்டாரும் டிரான்ஸ்பார்மரும் உள்ள பொருளுக்கு ஆகும். கரண்ட்டின் துடிப்பை எண்ணி ஓடுகிற அமெரிக்க அலாரம் கடிகாரத்தைச் சரியான வோல்டேஜ் கொடுத்து இங்கே ஓடவிட்டால்கூட, ஒரு மணி நேரத்தில் 50 நிமிடம்தான் நகரும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த பழைய வகை மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்பார்மர் 50-இல் சூடாகும். அமெரிக்க மைக்ரோவேவைக் கொண்டுவர வேண்டாம் என்று யாரிடமும் தயங்காமல் சொல்வேன்.

சூடேறும் சாமானும் சுற்றும் சாமானும்

காபி மெஷின், கெட்டில், அயர்ன் பாக்ஸ், ரைஸ் குக்கர், டோஸ்டர் எல்லாம் உள்ளே காயில், அதாவது சூடேறும் கம்பிச் சுருள், வைத்த சாமான். இவற்றில் கணக்கு பயங்கரமாக மாறும். வோல்டேஜ் இரண்டு மடங்கானால் காயில் இழுக்கும் பவர் நான்கு மடங்காகும். 120 வோல்ட்டில் 900 வாட் இழுக்கிற ஒரு அமெரிக்க காபி மெஷினை நம் 230 வோல்ட்டில் போட்டால் 3,300 வாட் இழுக்கப் பார்க்கும். ஜப்பான் ரைஸ் குக்கருக்கு ஐந்து மடங்குக்கும் மேல். சில நொடிகளில் உள்ளே இருக்கும் தெர்மல் பியூஸ் போகும், இல்லையென்றால் காயிலே அறுந்துவிடும்.

திருப்பிப் போட்டால் ஆபத்து இல்லை, ஆனால் உபயோகமும் இல்லை. நம் 1,500 வாட் கெட்டிலை அமெரிக்கா கொண்டு போனால் அது அங்கே 400 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். ஒரு டம்ளர் வெந்நீருக்குக் காத்திருந்தே பொழுது போய்விடும்.

மிக்சி, கிரைண்டர் விஷயம் எல்லாத் தமிழ்க் குடும்பத்துக்கும் வரும். அமெரிக்காவுக்குக் கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு வீட்டில் ஓடிய 230 வோல்ட் மிக்சியைக் கட்டிக் கொடுக்காதீர்கள். அங்கே அது முனகும், அரைக்காது. மிக்சியும் கோயம்புத்தூர் டேபிள் டாப் கிரைண்டரும் 110 வோல்ட் மாடலாகவே கிடைக்கின்றன. அமெரிக்கக் கரண்ட்டைக் கடைகளில் 110 என்றே சொல்வார்கள். கடையில் "அமெரிக்காவுக்குங்க, 110 வேணும்" என்று சொன்னாலே எடுத்துத் தருவார்கள். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் மோட்டாரின் அடிப்பக்கத் தகட்டைப் பார்த்து வாங்குங்கள். அவர்கள் நிரந்தரமாகத் திரும்பி வரும்போது அந்தக் கிரைண்டரை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். விமானத்தில் சுமப்பதற்கு ஆகும் செலவில் இங்கே புதிது வாங்கலாம்.

"ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கிக்கலாமே" என்று கேட்பார்கள். வாங்கலாம். 230-ஐ 110 ஆக்கித் தரும். ஆனால் பொருளின் வாட்டை விட அதிகத் திறன் உள்ளதாக வாங்க வேண்டும். மோட்டார் உள்ள சாமானுக்கு இரண்டு மடங்கு. 500 வாட் மிக்சிக்கு 1,000 வாட் டிரான்ஸ்பார்மர், அது பல கிலோ எடை. விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், அப்படிக் காப்பாற்றும் அளவுக்கு அருமையான பொருளா என்று தெரிந்துவிடும். விமான நிலையக் கடைகளில் உள்ளங்கை அளவில் '1,600 வாட் கன்வெர்ட்டர்' என்று விற்பதை வாங்கி லேப்டாப், டிவி எதையும் அதில் போடாதீர்கள். அது கரண்ட்டின் அலையை நறுக்கிக் கொடுக்கிற சாதனம். ஹேர் டிரையர் காயிலுக்குச் சரி, எலக்ட்ரானிக் போர்டுக்கு எமன்.

ஏற்காட்டில் வெடித்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில் தவறியது நான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நவம்பர் மாதம். நாகலூர் போகும் பாதையில் இருக்கும் என் மாமனார் வீட்டுக்கு மச்சான் குடும்பத்தோடு டெக்சாஸிலிருந்து வந்திருந்தார். வெளியே நல்ல பனிமூட்டம், ஐந்து மணிக்கே வீட்டுக்குள் லைட் போட வேண்டியிருந்தது. இரண்டு லேப்டாப், மூன்று போன், ஒரு கேமரா, எல்லாவற்றுக்கும் சார்ஜ் வேண்டும். "மாமா, நீங்க பார்த்துச் சொல்லுங்க, அப்புறம் போடறேன்" என்றார். நான் ஒவ்வொரு சார்ஜராக எடுத்து டார்ச் அடித்துப் படித்தேன். எல்லாம் 100-240. "போடுங்க மச்சான்" என்றேன். அவர் அங்கிருந்தே கொண்டு வந்திருந்த ஆறு ஓட்டை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எல்லாவற்றையும் செருகி, அதன் பிளக்கில் ஒரு அடாப்டர் மாட்டிச் சுவரில் போட்டு சுவிட்சைத் தட்டினார்.

பாக்ஸில் பச்சை விளக்கு ஒன்றிரண்டு நொடி எரிந்தது. பிறகு படார் என்று ஒரு சத்தம், ஓட்டை வழியாகப் புகை, வீடு முழுக்கக் கருகல் நாற்றம். எம்சிபி என்கிற தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்து வீடே இருட்டாகிவிட்டது. குழந்தைகள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் அந்தப் பாக்ஸைத் திறந்து பார்த்தேன். உள்ளே நீல நிறத்தில், பெரிய மாத்திரை மாதிரி வட்டமாக ஒரு பாகம், நடுவில் பிளந்து கரியாகியிருந்தது. மின்னல், வோல்டேஜ் ஏற்றம் வரும்போது அதிகப்படியானதைத் தன் வழியாக இழுத்து மற்றச் சாமான்களைக் காப்பாற்றுவதற்காக வைத்த பாகம் அது. அமெரிக்க பாக்ஸில் இருப்பது 120 வோல்ட்டை மனதில் வைத்துப் போட்டது. நம் சாதாரண 230 வோல்ட்டே அதற்குப் பேரிடி மாதிரிதான். தன் வேலையைச் சரியாகச் செய்து செத்துப்போயிருக்கிறது. பாக்ஸைக் கவிழ்த்தேன். '125 வோல்ட், 15 ஆம்பியர்' என்று அச்சுப் போட்டிருந்தது. ஆறு சார்ஜரைத் திருப்பிப் படித்த நான் அந்த ஒன்றைத் திருப்பவில்லை.

ஆகவே அமெரிக்காவிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சர்ஜ் புரொடெக்டர், டைமர் சுவிட்ச், ஸ்மார்ட் பிளக் எதையும் கொண்டுவராதீர்கள். சார்ஜர்கள் பிழைத்துக்கொண்டன, அது எங்கள் நல்ல காலம்.

பிளக்: அடாப்டரை விட ஒயர் மேல்

வோல்டேஜ் சரி என்றால் அடுத்தது பிளக். சிங்கப்பூர், மலேசியா, துபாய், இங்கிலாந்து எல்லாவற்றிலும் மூன்று தட்டையான பட்டைக் கால் உள்ள பெரிய பிளக். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இரண்டு மெல்லிய தகடு. ஐரோப்பாவில் இரண்டு உருண்டைக் கால். ஆஸ்திரேலியாவில் சாய்ந்த தகடுகள். நம்மிடம் மூன்று உருண்டைக் கால், சின்னது 6 ஆம்பியருக்கு, பெரியது 16 ஆம்பியருக்கு. ஊரில் இன்னும் 5 ஆம்ப், 15 ஆம்ப் என்றே சொல்கிறோம்.

எல்லோரும் அடாப்டர் தேடுவார்கள். நான் சொல்வது வேறு. லேப்டாப் சார்ஜரின் செங்கல் போன்ற பகுதியில் ஒயர் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கும். அந்த முனை 8 என்ற எண் போலவோ, மூன்று இலை போலவோ இருக்கும். அதே முனையும் மறுபக்கம் நம் ஊர் பிளக்கும் உள்ள ஒயர் செவ்வாய்ப்பேட்டையிலோ ஐந்து ரோட்டிலோ எலக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் கடைகளில் கிடைக்கும். பழைய ஒயரைக் கையில் கொண்டு போய்க் காட்டி வாங்குங்கள், ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள். அடாப்டர் ஆடும், தீப்பொறி விடும், பிளாஸ்டிக் இளகும். ஒயர் மாற்றிவிட்டால் அந்தத் தொல்லை எதுவும் இல்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இரண்டு கால் அடாப்டரில் எர்த் கிடையாது. உலோக உடம்பு உள்ள லேப்டாப்பைச் சார்ஜில் போட்டு விரலால் தடவினால் சுருசுருவென்று ஒரு உணர்வு வரும். மலை வீட்டில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றால் இன்னும் நன்றாகத் தெரியும். சார்ஜர் கெட்டுப்போகவில்லை, எர்த் இல்லாததால் வருவது. மூன்று இலை முனை உள்ள சார்ஜர் என்றால் மூன்று கால் ஒயர் மாட்டி, சுவரில் எர்த் உண்மையிலேயே இருந்தால் நின்றுவிடும். ஸ்டிக்கரில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருந்தால் அந்தப் பொருளுக்கு எர்த் தேவையில்லை என்று அர்த்தம். அந்தக் குறி இல்லாத அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், கெட்டிலை எர்த் இல்லாமல் போடவே கூடாது.

வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிங்கப்பூர், துபாய் சாக்கெட்டில் கீழ் இரண்டு ஓட்டையை உள்ளே ஒரு கதவு மூடியிருக்கும். மேலே உள்ள எர்த் ஓட்டையில் கால் நுழைந்தால்தான் அது திறக்கும். நம் பசங்கள் அந்த மேல் ஓட்டையில் பேனா மூடியையோ தீக்குச்சியையோ நுழைத்துக் கதவைத் திறந்து, இரண்டு கால் சார்ஜரை உள்ளே திணிப்பார்கள். லேபர் கேம்ப்களில் இது சர்வசாதாரணம். உயிரோடு விளையாடுகிற வேலை. அங்கேயே சில வெள்ளிக்கோ (சிங்கப்பூர் டாலர்) திர்ஹத்துக்கோ சரியான பிளக் உள்ள சார்ஜர் கிடைக்கும், வாங்கிவிடுங்கள். அந்தப் பெரிய பிளக்குக்குள் ஒரு பியூஸ் இருக்கும். ஊருக்கு வந்ததும் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு நேராக ஒயர் இணைத்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

ரூம் ஹீட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் குளிருக்காக இங்கிலாந்திலிருந்து ஆயில் ஹீட்டர் கொண்டுவந்தவர்கள் ஏற்காட்டில் உண்டு. வோல்டேஜ் பொருந்தும். ஆனால் 1,300 வாட்டுக்கு மேல் என்றால் 16 ஆம்பியர் பாயின்ட்டில்தான் போட வேண்டும். சின்ன சாக்கெட்டில் போட்டு, சுவரோடு சேர்ந்து உருகியதை மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

மலை வீட்டில் வைப்பதாக இருந்தால்

சேலம் டவுனில் ஓடுகிற பொருள் 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி மேலே போனால் வேறு சூழ்நிலை. காபித் தோட்டத்துக்குள், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே லைன் போகிறது. காற்றடித்தால் கிளை உரசும், கரண்ட் போய்ப் போய் வரும். லைனின் கடைசி வீடுகளில் சாயங்காலம் என் மீட்டரில் 180-க்குக் கீழே பார்த்திருக்கிறேன். 100-240 சார்ஜர் இதைச் சிரமமில்லாமல் தாங்கும். அந்த விதத்தில் இந்த வகைப் பொருள்தான் மலை வீட்டுக்கு ஏற்றது. '220-240' என்று மட்டும் போட்ட வெளிநாட்டு ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்றால் ஸ்டெபிலைசர் கட்டாயம். இடி இடிக்கும் சித்திரை, ஐப்பசி மாதங்களில் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கி வையுங்கள். இன்டர்நெட், டிஷ் ஒயரையும் சேர்த்து.

பனியீரம் இன்னொரு எதிரி. பூட்டிய வீட்டில் இரண்டு மாதம் கேமராவை வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மேலே குளிரில் இருந்த கேமராவைச் சேலத்து வெக்கைக்குக் கொண்டுவந்ததும் வெளியே எடுக்காமல், பைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டால் உள்ளே வியர்க்காது.

போன் வாங்கும்போது

போனுக்குக் கரண்ட் பிரச்சினை கிடையாது, சிக்னல்தான் பிரச்சினை. முதலில் லாக். அமெரிக்காவில் நெட்வொர்க் கம்பெனிகள் தவணையில் விற்கும் போன், அந்தக் கம்பெனி சிம்மில் மட்டும் ஓடும்படி பூட்டியிருக்கும். ஐபோன் என்றால் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய் 'கேரியர் லாக்' வரியில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் வேறு கம்பெனி சிம் போட்டுப் பார்ப்பதுதான் நிச்சயமான வழி.

அடுத்தது சிம் போடும் இடம். அமெரிக்காவில் 2022-இல் ஐபோன் 14 வந்ததிலிருந்து சிம் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே இருக்கும், கழற்ற முடியாத இ-சிம் மட்டும்தான். 2025-இல் ஐபோன் 17 முதல் யூஏஇ, சவுதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், ஜப்பான், கனடாவிலும் அப்படியே. ஜியோ, ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா) மூன்றும் இங்கே இ-சிம் தருகின்றன. ஆனால் சிம்மைக் கழற்றி வேறு போனில் மாட்டிப் பழகிய அப்பா அம்மாவுக்கு அந்தப் போனை வாங்கித் தராதீர்கள். போன் ரிப்பேர் ஆனால் அவசரத்துக்குப் பழைய பட்டன் போனில் சிம்மை மாற்றிப் போட அவர்களால் முடியாது. சிங்கப்பூரில் வாங்கினால் சிம் தட்டு உள்ளது கிடைக்கும்.

பிறகு அலைவரிசை. இது நம் மலைக்கு ரொம்ப முக்கியம். பெட்டியிலோ கம்பெனியின் இணையதளத்திலோ 'பேண்ட்' என்று எண்கள் இருக்கும். நம் நாட்டில் 4ஜி-க்கு 3, 5, 8, 40 முக்கியமானவை. 5ஜி-க்கு என்78, ஜியோவுக்கு என்28-உம் வேண்டும். இவற்றில் 5, 8, 28 மூன்றும் குறைந்த அலைவரிசை, மேடு பள்ளம் மரம் தாண்டி எட்டும். இந்த மூன்றும் இல்லாத மலிவான வெளிநாட்டு போன் நான்கு ரோட்டில் பிரமாதமாக ஓடும், தோட்டத்துக்குள் போனதும் செத்துவிடும். ஜியோவில் 2ஜி, 3ஜி இல்லை. அதனால் வோல்ட்இ அழைப்பு, அதாவது 4ஜி வழியாகவே பேசும் வசதி, அந்த போனில் இயங்கவில்லை என்றால் இன்டர்நெட் வரும், பேச முடியாது.

யூஏஇ-யில் வாங்கிய ஐபோனில் ஃபேஸ்டைம் என்கிற வீடியோ அழைப்பு வசதி கிடைக்காமல் போகலாம். வெளிநாட்டு போனைச் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் *#06# போட்டு ஐஎம்இஐ என்கிற போனின் அடையாள எண்ணை எடுத்து, ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்து, ஒரு இடைவெளி, பிறகு அந்த எண் என்று அடித்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். முடக்கப்பட்ட போனா என்று பதில் வரும். பழைய உரிமையாளரின் கணக்கு நீங்காத போனைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். அதைத் திறந்து தர என்னாலும் முடியாது.

உத்தரவாதம் பற்றிக் கடைசியில் கேட்காமல் முதலிலேயே கேளுங்கள். லேப்டாப்புக்குப் பல கம்பெனிகள் நாடு கடந்த வாரண்டி தருகின்றன, போனுக்கும் டிவிக்கும் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு சரி. பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள், வெப்பத் தாள் பில் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும். லேப்டாப் என்றால் கீபோர்டையும் ஒரு தடவை பாருங்கள். ஜெர்மனியில் வாங்கியதில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும், வளைகுடாவில் அரபி எழுத்தும் சேர்ந்திருக்கும்.

டிவி, டிஸ்க், ரேடியோ

டிவி வேண்டாம். அமெரிக்க டிவிகளில் பல 120 வோல்ட் மட்டும்தான், வழியில் பேனல் உடையும். 2013 ஆகஸ்டிலேயே தட்டைத் திரை டிவியைப் பயணிகளின் வரியில்லாச் சலுகையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இங்கேயும் 2025 செப்டம்பரில் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. டிவிடி பிளேயர் என்றால் மண்டல எண் உண்டு, டிஸ்க்கின் எண்ணோடு பொருந்தினால்தான் படம் ஓடும்: இந்தியா 5, அமெரிக்கா 1, வளைகுடா 2, சிங்கப்பூர் 3. பழைய ஜப்பான் ரேடியோவின் எஃப்எம் 76-இலிருந்து 90 வரைதான், நம் நிலையங்கள் 88 முதல் 108-க்குள்.

கொண்டுவரவே கூடாதவை

சாட்டிலைட் போன். தோட்டத்தில் சிக்னல் இல்லை என்று யாராவது துபாயிலிருந்து வாங்கி வந்தால், அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், விமான நிலையத்திலேயே கைதாகியிருக்கிறார்கள். டிரோன் இறக்குமதிக்கு 2022 முதல் தடை. இ-சிகரெட்டுக்கு 2019 முதல் தடை. அமெரிக்க வாக்கி டாக்கி 462, 467 மெகாஹெர்ட்ஸில் பேசும். இங்கே உரிமம் இல்லாமல் அனுமதி உள்ளது 446.0 முதல் 446.2 வரையிலான குறைந்த சக்தி வகை. தோட்ட வேலைக்கு அதையே இங்கே முறையாக வாங்கலாம்.

விலை, வரி, பயணப் பை

அமெரிக்கக் கடையில் ஒட்டியிருக்கும் விலையில் வரி சேராது, பில் போடும்போது கூடும். சிங்கப்பூரில் 2024 முதல் ஜிஎஸ்டி 9 சதவீதம். ஒரு கடையில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கிய சுற்றுலாப் பயணி பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்து, சாங்கி விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம். வேலை அனுமதியில் இருப்பவருக்குக் கிடையாது, முஸ்தபா சென்டர் கவுண்டரில் இதற்காகச் சண்டை போட வேண்டாம். துபாயில் வாட் 5 சதவீதம், சுற்றுலாப் பயணிக்கு அங்கேயும் திரும்பக் கிடைக்கும்.

கமலாபுரம் விமான நிலையத்தில் உள்நாட்டு விமானம்தான். நமக்கு சுங்கச் சோதனை திருச்சியிலோ கோவையிலோ சென்னையிலோ பெங்களூருவிலோ நடக்கும். 18 வயதானவருக்கு ஒரு லேப்டாப் வரியில்லாமல் வரும். மற்றப் பொருள்களுக்கான மதிப்பு வரம்பை 2016-இல் 50,000 ரூபாயாக வைத்தார்கள். இதை அரசு அவ்வப்போது மாற்றும் என்பதால் டிக்கெட் போட்டதும் சுங்கத் துறை இணையதளத்தில் அன்றைய வரம்பைப் பாருங்கள். வரம்பு தாண்டினால் வரி கட்ட வேண்டியவர்கள் போகும் சிவப்பு வழியில் போய் நீங்களே சொல்லிவிடுங்கள். இங்கிருந்து விலையுயர்ந்த கேமராவைக் கொண்டு போகிறவர்கள், புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பி வரும்போது "இது எங்கே வாங்கியது" என்ற கேள்வி வராது.

பவர் பேங்க் கைப்பையில்தான், பெரிய பெட்டியில் போடக் கூடாது. அளவு 100 வாட் ஹவருக்குள் இருக்க வேண்டும். 20,000 எம்ஏஎச் என்றால் 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுங்கள், 74 வருகிறது, தாராளம். எண் அழிந்துபோன பவர் பேங்க்கைச் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். 2025 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எமிரேட்ஸ் இரண்டிலும் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்தவே கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு

பெட்டியைப் பிரித்த உடனே செருகாதீர்கள். ஸ்டிக்கரை இன்னொரு தடவை படியுங்கள். ஒயர், அடாப்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாவற்றின் பின்பக்கத்தையும் படியுங்கள். முதல் முறை சுவிட்ச் போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், பத்து நிமிடம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், சூடு இருக்கக் கூடாது.

120 வோல்ட் பொருள் ஒன்று வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்றால் ஒன்று செய்யுங்கள். அதைச் செருகப் போவது நீங்கள் மட்டுமில்லை. நீங்கள் கடைக்குப் போயிருக்கும்போது அம்மா செருகுவார், தோட்டத்துக் காவலாளி செருகுவார். என் மாமனார் வீட்டில் அமெரிக்க ரைஸ் குக்கர் ஒன்று இன்றும் ஓடுகிறது. அதன் பிளக்கைச் சுற்றிச் சிவப்பு இன்சுலேஷன் டேப், அது போக வேண்டிய டிரான்ஸ்பார்மரின் ஓட்டையைச் சுற்றியும் அதே சிவப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். மாமியாருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. சிவப்பு சிவப்பில்தான் போகும் என்று தெரியும். ஆறு வருடமாக அந்தக் குக்கரில்தான் சோறு வேகிறது.